அரைப்பென்னி வரியில் ஒரு நூலகம்: நார்ஃபோக் கவுண்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

1850 செப்டம்பர் 27ஆம் தேதி, இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நாரிச் நகரத்தில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. ஊருக்கு ஒரு இலவச நூலகம் வேண்டுமா, அதற்காகக் கூடுதலாக ஒரு சின்ன வரி கட்டச் சம்மதமா என்பதுதான் கேள்வி. சம்மதம் என்றவர்கள் 150 பேர். வேண்டாம் என்றவர்கள் 7 பேர். அறுபதாயிரத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த நகரத்தில் வாக்குரிமை உள்ளவர்களில் ஒரு சிறு கூட்டம்தான் வந்து வாக்களித்தது. ஆனாலும் முடிவு முடிவுதான். நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொது நூலகச் சட்டம் வந்து ஏழு வாரம்கூட முழுதாக ஆகியிருக்கவில்லை. அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்த முதல் ஊர் நாரிச்.

ஆனால் நாரிச்சின் நூலகம் திறந்தது 1857இல்தான். அதற்குள் வின்செஸ்டர் 1851இலும் மான்செஸ்டர் 1852இலும் திறந்துவிட்டன. முதலில் கை தூக்கிய ஊர் ஏழு வருஷம் பின்தங்கியது ஏன் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், நார்ஃபோக் கவுண்டியின் நூலக வரலாறு முழுவதும் அவிழ்ந்து வருகிறது. ஒரு நூலகம் நிற்பதும் விழுவதும் மக்களின் ஆர்வத்தை மட்டும் பொறுத்ததல்ல. அதற்கான காசு எந்தக் கையிலிருந்து வருகிறது, அந்தக் காசை எதற்குச் செலவழிக்கலாம் என்று விதி சொல்கிறது என்பதைப் பொறுத்தது. நார்ஃபோக்கில் நானூறு வருஷமாக இதுதான் நடந்திருக்கிறது.

கவுண்டி என்ற சொல் நமக்கு கிரிக்கெட் மூலம் பழக்கம். நம்ம ஊர் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நார்ஃபோக் தட்டையான, விவசாயம் செய்யும், கிராமங்கள் நிறைந்த கவுண்டி. நாரிச் அதன் தலைநகரம். வடமேற்கே கிங்ஸ் லின் துறைமுகம், கிழக்கே கடலோரம் கிரேட் யார்மவுத். இந்த மூன்று ஊர்களையும் சுற்றியிருக்கும் நூற்றுக்கணக்கான கிராமங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும்.

'பொது' என்ற சொல் யாருக்குப் பொது?

நாரிச் நகர நிர்வாகம் 1608இலேயே ஒரு நூலகம் வைத்திருந்தது. செயின்ட் ஆண்ட்ரூஸ் மண்டபத்தை ஒட்டிய ஒரு வீட்டில் சில அறைகளை ஒதுக்கி அமைத்தார்கள். லண்டனுக்கு வெளியே ஒரு நகர நிர்வாகமே முன்வந்து, தன் சொந்தக் கட்டடத்தில் நடத்திய நூலகங்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆனால் அது மதப் பிரசங்கிகளுக்காக வைத்தது. ஊருக்கு வந்து போகும் பிரசங்கிகள் தங்கிப் படித்துத் தயாராக ஓர் இடம். நெசவாளி உள்ளே போய்ப் புத்தகம் கேட்க முடியாது. கிங்ஸ் லின்னில் 1631இல் செயின்ட் மார்கரெட்ஸ் தேவாலயத்தில் வைத்த நூலகமும் இதே ரகம்தான்.

அப்புறம் 1784இல் 'நாரிச் பொது நூலகம்' என்றே பெயர் வைத்து ஒன்று தொடங்கினார்கள். பெயரில் மட்டும்தான் பொது. சந்தா கட்டினால்தான் உறுப்பினர். மருத்துவர், வழக்கறிஞர், பாதிரியார், வியாபாரி என்று வசதி உள்ளவர்கள் சேர்ந்து வாங்கிய புத்தகங்களை அவர்களே மாற்றி மாற்றிப் படித்தார்கள். அதில் தப்பில்லை, அவர்கள் காசு, அவர்கள் புத்தகம். ஆனால் 'பொது' என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருள் அவ்வளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். 1850 சட்டம் வந்தபோது 'இலவச' என்ற சொல்லைத் தனியாகச் சேர்த்து, 'இலவச நூலகம்' என்று மக்கள் அழைத்ததற்குக் காரணமும் இதுதான்.

புத்தகம் வாங்கக் கூடாத நூலக வரி

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். வில்லியம் யூவர்ட், ஜோசப் பிரதர்ட்டன் என்ற இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள். மூன்றாமவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ். கொத்தனார் வீட்டில் பிறந்து, தானும் அந்த வேலை கற்று, சொந்தமாகப் படித்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊழியரானவர். ஐரோப்பிய நகரங்களில் எத்தனை நூலகம், இங்கே எத்தனை என்று கணக்குப் போட்டு 1849இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வைத்தவர் அவர். பிறகு மான்செஸ்டர் நூலகத்தின் முதல் நூலகரும் ஆனார்.

எதிர்ப்பும் பலமாக இருந்தது. லிங்கன் தொகுதி உறுப்பினர் கர்னல் சிப்தார்ப், தனக்குப் படிப்பதே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தபோதும் அதை வெறுத்தேன் என்று அவையிலேயே சொன்னார். அதை விட்டுத்தள்ளலாம். நூலகம் அரசியல் கிளர்ச்சிக்கான கூடாரமாகிவிடும் என்று பயந்தவர்களும், ஏற்கெனவே வரி கட்டி நொந்தவர்கள் தலையில் இன்னொரு வரியா என்று கேட்டவர்களும்தான் சட்டத்தின் வடிவத்தை மாற்றினார்கள்.

அவர்களைச் சமாதானப்படுத்தச் செய்த சமரசங்களைப் பாருங்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் இருக்கும் நகரங்களுக்கு மட்டும்தான் சட்டம். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். வரி, சொத்து மதிப்பில் பவுண்டுக்கு அரைப்பென்னிக்கு மேல் போகக் கூடாது. அன்று ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. அதாவது 480இல் ஒரு பங்கு. பத்து பவுண்டு மதிப்பிட்ட வீட்டுக்கு வருஷத்துக்கு ஐந்து பென்னி.

இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். கடைசி நிபந்தனைதான் கொடுமை. அந்த அரைப்பென்னியில் கட்டடம் கட்டலாம், மேசை நாற்காலி வாங்கலாம், விளக்குக்கும் கணப்புக்கும் செலவழிக்கலாம், ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். புத்தகம் மட்டும் வாங்கக் கூடாது. நல்லெண்ணம் உள்ளவர்கள் புத்தகங்களைத் தாங்களாகவே கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். தானமாக வரும் புத்தகம் எப்படி இருக்கும் என்று எந்த ஊர் நூலகரைக் கேட்டாலும் சொல்வார். வீட்டில் இடம் அடைக்கிறது என்று ஒதுக்கியதுதான் பெரும்பாலும் மூட்டையில் வரும். தறியில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவர் ஆசையாக எடுத்துப் படிக்கிற புத்தகம் அதில் எத்தனை இருக்கும்?

சமையலறை கட்டலாம், அடுப்பு வாங்கலாம், அரிசி மட்டும் வாங்கக் கூடாது என்று சொல்வதைப்போலத்தான் இது. நாரிச்சின் ஏழு வருஷத் தாமதத்தை மக்களின் சோம்பல் என்று எழுதுவது நியாயமாக இருக்காது. 150 பேர் சரி என்று சொன்னபோது சட்டம் அவர்கள் கையில் கொடுத்தது வெறும் சுவருக்கான காசு.

1855இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அரைப்பென்னி ஒரு பென்னி ஆனது, புத்தகமும் வாங்கலாம் என்றானது. இரண்டு வருஷம் கழித்து நாரிச்சில், டியூக் தெரு முனையில் இலவச நூலகம் திறந்தது. அதே கட்டடத்தில் கலைப்பள்ளிக்கும் இடம் கொடுத்தார்கள். 1862இல், பிரசங்கிகளுக்காகச் சேர்த்திருந்த அந்த 1608ஆம் வருஷத்துப் புத்தகங்களும் இங்கே வந்து சேர்ந்தன. இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு அவை ஊர்ச் சொத்தானது இந்த இடத்தில்தான்.

பலகைக்கு அந்தப் பக்கம்

உள்ளே போனால் அலமாரியில் கை வைத்துப் புத்தகம் எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய நூலகங்கள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

கதவைத் திறந்ததும் நீளமான ஒரு மேசை. அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு பெரிய பலகைச் சட்டம். அதில் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பொந்துகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொரு எண்ணும் ஒரு புத்தகம். பொந்தில் இருக்கும் தகட்டின் ஒரு முனை ஒரு நிறம், மறு முனை வேறு நிறம். ஒரு நிறம் தெரிந்தால் புத்தகம் உள்ளே இருக்கிறது, மற்ற நிறம் தெரிந்தால் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். வாசகர் முதலில் அச்சடித்த பட்டியலைப் புரட்டி எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். பலகையில் அந்த எண்ணைத் தேட வேண்டும். புத்தகம் இருந்தால் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஊழியரிடம் எண்ணைச் சொல்ல வேண்டும். அவர் போய் எடுத்து வருவார். இல்லையென்றால் அடுத்த எண். சனிக்கிழமை மாலை, வேலை முடிந்து வந்த கூட்டம் பலகையின் முன் முண்டியடிக்க, பின்னால் நிற்பவர் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். கையில் எடுத்து நாலு பக்கம் புரட்டிப் பார்த்து, பிடித்தால் கொண்டுபோகலாம் என்பதெல்லாம் கிடையாது. பெயரை நம்பி வாங்க வேண்டியதுதான்.

ஆல்ஃபிரட் காட்கிரீவ் என்ற நூலகர் உருவாக்கிய பலகைதான் அதிகம் பரவியது. 1894இல் லண்டனின் கிளார்க்கன்வெல் நூலகத்தில் ஜேம்ஸ் டஃப் பிரவுன் இந்தப் பலகையைத் தூக்கிவிட்டு வாசகர்களை நேராக அலமாரிக்கு அனுப்பியபோது, திருட்டு நடக்கும், புத்தகம் இடம் மாறிப்போகும் என்று சக நூலகர்களே சண்டைக்கு வந்தார்கள். திறந்த அலமாரி எல்லா ஊருக்கும் போய்ச் சேர இன்னும் பல வருஷம் பிடித்தது. இன்றைக்கு நாம் சாதாரணமாக நினைக்கும் ஒரு காரியம், அலமாரிக்கு நடுவில் நின்று விரலால் புத்தக முதுகுகளைத் தடவிக்கொண்டே போவது, எத்தனை தலைமுறை வாசகர்களுக்குக் கிடைக்கவே இல்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

செய்தித்தாள் அறைகளிலும் கண்காணிப்புதான். குதிரைப் பந்தயச் செய்திகளை மை பூசி மறைத்து வைத்த நூலகங்கள் உண்டு. சூதாடிகள் வந்து இடத்தை அடைத்துக்கொள்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். நாவல் படிப்பது வரிப்பணத்தை வீணடிப்பது என்ற வாதமும் அரை நூற்றாண்டுக்கு ஓயவில்லை.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேட் யார்மவுத்தில் 1880களில் இலவச நூலகம் வந்தது, டோல்ஹவுஸ் என்ற பழைய சிறைச்சாலைக் கட்டடத்தோடு. 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் எரிந்தது. கிங்ஸ் லின் நூலகத்துக்கு அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி பணம் கொடுத்தார். 1905இல் அவரே நேரில் வந்து திறந்துவைத்தார். கார்னகி கட்டடத்துக்குத்தான் கொடுப்பார், புத்தகத்துக்கும் சம்பளத்துக்கும் ஊர் வரி போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. சுற்றி வந்து மறுபடியும் அதே பென்னியில் நிற்கிறோம். நாரிச்சின் சந்தா நூலகத்துக்கும் சோதனை வந்தது. 1898இல் ஒரு தீ விபத்து அதன் புத்தகங்களில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது.

கிராமத்துக்கு வந்த பெட்டி

இதுவரை சொன்னதெல்லாம் நகரத்துக் கதை. நார்ஃபோக்கின் கிராமங்களுக்கு 1850 சட்டத்தால் ஒன்றுமே கிடைக்கவில்லை. பின்னால் வந்த சட்டங்கள் சின்ன ஊர்களையும் அனுமதித்தன. அனுமதி கிடைத்து என்ன செய்ய? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமத்தின் மொத்தச் சொத்து மதிப்பு இரண்டாயிரம் பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். பவுண்டுக்கு ஒரு பென்னி என்றால் இரண்டாயிரம் பென்னி, அதாவது எட்டு பவுண்டு சொச்சம். அதில் அறை வாடகை கொடுத்து, விளக்கு ஏற்றி, ஓர் ஆளையும் வைத்து, புத்தகமும் வாங்க வேண்டும். நடக்கிற காரியமா?

1915இல் கார்னகி அறக்கட்டளைக்காக ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஆடம்ஸ் எழுதிய அறிக்கை இதைத் தெளிவாகச் சொன்னது: கிராமத்தைக் கிராமமாக வைத்து நூலகம் நடத்த முடியாது, கவுண்டி முழுவதையும் ஓர் அலகாக எடுக்க வேண்டும். மறு வருஷமே ஸ்டாஃபர்ட்ஷயரில் சோதனை முயற்சி தொடங்கியது. 1919இல் புதிய சட்டம் வந்தது. அது இரண்டு காரியம் செய்தது. கவுண்டி நிர்வாகங்களுக்கு நூலகம் நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. 64 வருஷமாக நகராமல் நின்ற ஒரு பென்னி வரம்பையும் எடுத்துவிட்டது.

1920களில் நார்ஃபோக்கிலும் கவுண்டி நூலகம் முளைத்தது. முளைத்தது என்றால் கட்டடமாக அல்ல, பெட்டியாக. அந்தக் காலத்துக் கவுண்டி நூலகம் என்பதே பெரும்பாலும் மரப்பெட்டிதான். தலைமையிடத்தில் சில பத்துப் புத்தகங்களை அடுக்கிப் பெட்டியை மூடி, கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே பள்ளி ஆசிரியர்தான் நூலகர், சம்பளம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் மாலை, பிள்ளைகள் போன பிறகு, வகுப்பறையிலேயே பெட்டியைத் திறந்து வைத்து நோட்டில் பெயர் எழுதிப் புத்தகம் கொடுப்பார். சில மாதம் கழித்துப் பெட்டி திரும்பிப் போகும், வேறு புத்தகங்களோடு இன்னொரு பெட்டி வரும். பீட்ரூட் வயலில் வேலை செய்துவிட்டு வந்தவருக்கு அந்தப் பெட்டியில் இருப்பதுதான் உலகம். நகரத்துக்காரர் 1857இல் பெற்றதை இவர்கள் அறுபது, எழுபது வருஷம் கழித்து, அதுவும் பெட்டி அளவில் பெற்றார்கள்.

சரியாக இந்த நேரத்தில்தான் நம்ம ஊர்க்காரர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, அதே வருஷம் பயிற்சிக்காக லண்டன் போனார். கிராய்டன் நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ் அவருக்கு ஆசிரியராகவும் வழிகாட்டியாகவும் அமைந்தார். ரங்கநாதன் ஏராளமான நூலகங்களை நேரில் போய்ப் பார்த்தார். குழந்தை, தொழிலாளி, குடும்பப் பெண் என்று எல்லோரும் வரும் இடமாக அவை இருந்ததும், ஊர் வரியில் அவை நடந்ததும் அவர் மனதில் பதிந்தன. நாடு திரும்பியதும் அதற்கான சட்டத்துக்காக இருபது வருஷத்துக்கும் மேல் பாடுபட்டார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது, சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்பிடி நூலக வரியோடு. இன்றைக்கும் தமிழ்நாட்டில் சொத்து வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று ஒரு வரி தனியாக இருக்கும். அந்த வரிக்கும் நாரிச்காரர்கள் வாக்களித்த அரைப்பென்னிக்கும் வம்சாவழி உறவு உண்டு.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். நம்முடைய நூலக வரி, உள்ளாட்சி வசூலித்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டிய தனிப் பணம். இங்கிலாந்தில் பழைய பென்னியும் அப்படித்தான் நூலகத்துக்கென்றே இருந்தது. வரம்பு போனபிறகு நூலகச் செலவு மெல்ல மெல்ல உள்ளாட்சியின் பொதுக் கணக்கில் கரைந்தது. முதியோர் பராமரிப்பு, சாலை, குப்பை, நூலகம் எல்லாம் ஒரே பானைச் சோற்றுக்குக் கை நீட்ட வேண்டிய நிலை. 1919இல் யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உயரம் தட்டிய கூரை போனதே என்ற சந்தோஷம்தான் இருந்தது. அந்தக் கூரையைத் தாங்கிய சுவரும் சேர்ந்து போனது என்பது பணம் சுருங்கிய காலத்தில்தான் தெரிந்தது.

சிலைக்குப் பதிலாக அலமாரி

இரண்டாம் உலகப் போரில் நார்ஃபோக்கின் தட்டை நிலம் முழுவதும் விமானத்தளங்கள். அமெரிக்க எட்டாம் விமானப்படையின் இரண்டாம் பிரிவு இங்கிருந்துதான் ஜெர்மனிக்குப் பறந்தது. கிட்டத்தட்ட ஏழாயிரம் பேர் திரும்பி வரவில்லை. 1945இல் ஊருக்குக் கிளம்பும் முன், உயிரோடு இருந்தவர்கள் தங்களுக்குள் இருபதாயிரம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள், இறந்தவர்களுக்கு ஒரு நினைவிடம் அமைக்க. அவர்கள் சிலை வைக்கவில்லை. நாரிச்சில் அமையப்போகும் புதிய மத்திய நூலகத்துக்குள் ஒரு நூலக அறை கேட்டார்கள். வீரர்களின் நினைவு புழக்கத்தில் இருக்க வேண்டும், உள்ளூர்ப் பிள்ளைகள் அமெரிக்காவைப் பற்றிப் படிக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் தெரிந்த போர் நினைவிடங்களில் இதைவிட அழகான யோசனை இல்லை.

அந்த மத்திய நூலகம் கட்டி முடிய 1963 ஆனது. நகரத்தின் நடுவில், செயின்ட் பீட்டர் மான்கிராஃப்ட் தேவாலயத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலத்து நவீனக் கட்டடம். எலிசபெத் ராணியின் தாயார் திறந்துவைத்தார். அதே வருஷம் நினைவு நூலகமும் உள்ளே திறந்தது. அடுத்த வருஷம் வந்த 1964 சட்டம், நூலகம் நடத்துவதை உள்ளாட்சியின் விருப்பம் என்ற நிலையிலிருந்து கடமை என்ற நிலைக்குக் கொண்டுவந்தது. 'முழுமையான, திறமையான' சேவை தர வேண்டும் என்று ஏழாம் பிரிவு சொல்கிறது. எவ்வளவு இருந்தால் முழுமை என்று அது அளவு சொல்லவில்லை. 1974இல் உள்ளாட்சி மறுசீரமைப்பில் நாரிச், யார்மவுத், லின் நூலகங்கள் தனி நிர்வாகத்தை இழந்து நார்ஃபோக் கவுண்டியின் கீழ் ஒன்றாகின. பெட்டி நூலகமாகத் தொடங்கிய கவுண்டி நூலகம், முதலில் கை தூக்கிய நகரத்தின் நூலகத்தையும் தனக்குள் சேர்த்துக்கொண்டது.

1994 ஆகஸ்ட் 1

திங்கட்கிழமை காலை. நூலகம் இன்னும் திறக்கவில்லை. மின்கோளாறில் பிடித்த தீ, வேலைக்கு வந்துகொண்டிருந்த ஊழியர்களின் கண்முன்னே மத்திய நூலகத்தை எரித்தது. உயிரிழப்பு இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போயின. அமெரிக்க வீரர்கள் நினைவு நூலகத்தின் புத்தகங்களும் பொருட்களும் கிட்டத்தட்ட முழுவதும் போயின. உள்ளூர் வரலாற்றுப் பிரிவு பெரும் இழப்பைச் சந்தித்தது. நாவல் எரிந்தால் இன்னொரு பிரதி வாங்கலாம். ஒரு சின்ன ஊரின் விவசாயச் சங்கம் நூறு வருஷத்துக்கு முன்னால் அச்சடித்த பன்னிரண்டு பக்கப் பிரசுரம் எரிந்தால் எங்கே போய் வாங்குவது?

நார்ஃபோக் ஆவணக் காப்பகமும் அதே கட்டடத்தின் அடித்தளத்தில்தான் இருந்தது. இரண்டாம் ஹென்றி மன்னர் நாரிச் நகரத்துக்குக் கொடுத்த பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பட்டயம் தொடங்கி, கவுண்டியின் நினைவு முழுவதும் அங்கே இருந்தது. தீ மேலே ஏறும், அடித்தளத்துக்கு இறங்கவில்லை. ஆனால் தீயணைக்க அடித்த தண்ணீர் கீழேதானே வரும். தப்பித்த ஆவணங்களில் ஒரு பகுதி நனைந்துவிட்டது.

நனைந்த காகிதத்தை வெயிலில் காயவைக்கக் கூடாது. பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், தோல் சுருங்கும். அப்படியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். அதனால் முதல் வேலை, உறையவைப்பது. உறைந்துவிட்டால் பூஞ்சை வளராது, ஓட்டமெடுக்கும் அவசரம் நிற்கும். பிறகு காற்றை உறிஞ்சி எடுத்த அறைக்குள் வைப்பார்கள். அங்கே பனிக்கட்டி உருகித் தண்ணீராகாமல் நேராக ஆவியாகிவிடும். காகிதம் இரண்டாம் முறை நனையாமலேயே காய்கிறது. நாரிச் ஆவணங்களையும் இப்படித்தான் மீட்டார்கள். 1608இல் பிரசங்கிகளுக்காக வாங்கிய அந்தப் பழைய புத்தகங்களும் பிழைத்தன.

எரிந்த நூலகத்துக்குப் பதிலாக என்ன கட்டுவது, யார் காசில் கட்டுவது என்ற கேள்வி மறுபடியும் வந்தது. கவுண்டியிடம் அவ்வளவு பணம் இல்லை. தேசிய லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்தளித்த மில்லேனியம் ஆணையத்திடம் விண்ணப்பித்தார்கள். 'டெக்னோபோலிஸ்' என்று பெயரிட்ட முதல் திட்டத்தை ஆணையம் ஏற்கவில்லை. திருத்தி எழுதி மறுபடி போனார்கள், கிடைத்தது. கட்டடக் கலைஞர் மைக்கேல் ஹாப்கின்ஸ் குதிரை லாட வடிவில் வரைந்த ஃபோரம் என்ற கட்டடம், ஆறு கோடி பவுண்டுக்கும் மேலான செலவில், எரிந்த இடத்திலேயே எழுந்தது. முகப்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே நின்று பார்த்தால் எதிரே மான்கிராஃப்ட் தேவாலயம் அப்படியே சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். பிபிசி நிலையமும் உணவகமும்கூட அதே கூரையின் கீழ் உண்டு. அமெரிக்க வீரர்கள் முதுமையிலும் மறுபடி கை கொடுத்தார்கள், நினைவு நூலகம் திரும்ப வந்தது.

புதிய நூலகம் 2001 நவம்பரில் திறந்தது. 1994 முதல் 2001 வரை ஏழு வருஷம். 1850 முதல் 1857 வரையும் ஏழு வருஷம். தீக்குப் பிந்தைய ஏழு வருஷமும் நாரிச் மக்கள் தற்காலிக இடங்களில் நெருக்கியடித்துக்கொண்டு படித்தார்கள், விட்டுப்போகவில்லை. திறந்த பிறகு அவர்கள் காட்டியதைப் பாருங்கள்: பிரிட்டனிலேயே அதிகம் பேர் வந்துபோகும் நூலகம் என்ற இடத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பிடித்துக்கொண்டது இந்த நூலகம்தான்.

பக்கத்துக் கவுண்டிகளும் 47 கிளைகளும்

2010க்குப் பிறகு பிரிட்டனின் மத்திய அரசு உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைக் கடுமையாகக் குறைத்தது. பொதுப் பானையில் சோறு குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது யார்? முதியோர் பராமரிப்பைக் குறைக்க முடியாது, குழந்தைப் பாதுகாப்பைக் குறைக்க முடியாது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான நூலகங்கள் மூடின. தெற்கே சஃபோக் கவுண்டி 2012இல் தன் நூலகங்களைத் தனி அமைப்பு ஒன்றின் கையில் ஒப்படைத்தது. நார்தாம்ப்டன்ஷயர் 2018இல் திவால் நிலைக்கு வந்து, 36 நூலகங்களில் 21ஐ மூடப்போவதாக அறிவித்தது. மக்கள் வழக்குப் போட்டார்கள். முடிவெடுத்த விதம் சட்டவிரோதம் என்று அந்த ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் சொன்னது. 1964 சட்டத்தின் அளவில்லாத அந்தச் சொற்களுக்கு அன்றைக்கு ஓர் எடை கிடைத்தது.

நார்ஃபோக் 47 கிளைகளைத் தக்கவைத்திருக்கிறது. இது சின்ன விஷயமல்ல. பேருந்து அதிகம் ஓடாத கவுண்டியில் ஒரு கிளையை மூடினால் அடுத்தது பத்து மைல் தள்ளித்தான் இருக்கும். நடமாடும் நூலக வண்டிகளும் ஓடுகின்றன, அந்தக் காலத்து மரப்பெட்டியின் பேரப்பிள்ளைகள்.

ஆனால் தக்கவைத்த விதத்தையும் பார்க்க வேண்டும். 'திறந்த நூலகம்' என்ற ஏற்பாட்டைப் பல கிளைகளில் கொண்டுவந்திருக்கிறார்கள். ஊழியர் இல்லாத நேரத்தில் வாசகர் தன் அட்டையைக் கதவில் வைத்து, ரகசிய எண்ணை அழுத்தி உள்ளே போகலாம். புத்தகத்தைத் தானே பதிவு செய்து எடுக்கலாம், படிக்கலாம், கணினி பார்க்கலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அதிகாலையிலும் மாலையிலும் கதவு திறக்கிறது. மூடுவதைவிட இது எவ்வளவோ மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் ஆள் மட்டும் நின்றார், அலமாரிக்கு வழி இல்லை. இப்போது அலமாரி முழுக்க வழி இருக்கிறது, சில மணி நேரங்களில் ஆள் இல்லை. அரசாங்கப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்து இதை எப்படி நிரப்புவது என்று கேட்கும் முதியவரும், தனக்கு என்ன புத்தகம் வேண்டும் என்றே சொல்லத் தெரியாமல் நிற்கும் பத்து வயதுப் பிள்ளையும் அட்டையை வைத்துக் கதவைத் திறந்துகொண்டு யாரிடம் போய்க் கேட்பார்கள் என்பதற்கு நார்ஃபோக் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறது.